கிறுகி வந்த விமானம்

பெனடிக்ற் ரொசைரோ இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய உறவினர் அல்லர். திமிலைதீவு மீனவர் சாமித்தம்பி அண்ணன் காலையில் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நம்மட பைலட் ஐயா போயிட்டார். நித்திரையிலேயே போயிட்டாராம்." பிறகு, "பேப்பருக்கு எழுதுவீங்கதானே? பட்டாளத்தில இருந்தவர் எண்டு மட்டும் எழுதி விட்டுராதங்க," என்றார்.

பெனடிக்ற் ரொசைரோவை அறிந்தவர்களுக்கு இந்த வேண்டுகோள் விளங்கும். ஒரு காலத்தில் அவரைப் பட்டாளத்தான் என்று சொல்லி முகம் திருப்பியவர்களில் சாமித்தம்பி அண்ணனும் ஒருவர்.

ரொசைரோ புளியந்தீவில் போர்த்துக்கேயர் வழிவந்த ஒரு பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் தச்சுத் தொழில் செய்தவர். மகன் இளம் வயதிலேயே விமானப் படையில் சேர்ந்து, பொருட்களும் நோயாளிகளும் ஏற்றும் விமானங்களை ஓட்டினார். யுத்தம் மூளத் தொடங்கியபோது விலகி மாலைதீவுக்குப் போனார். தண்ணீரில் விமானம் இறக்க அங்கேதான் பழகினார். "தார் ரோட்டு ஒரே இடத்தில கிடக்கும். தண்ணி அப்பிடி இல்ல. ஒவ்வொரு நாளும் புதுசாக் கேட்டுத்தான் இறங்கணும்," என்பார்.

தலை நரைத்து அவர் ஊர் திரும்பிய காலத்தில், பாசிக்குடா விடுதிகளுக்குப் பயணிகளைக் கொண்டுவர விரும்பிய ஒரு நிறுவனம் எங்கள் வாவியில் மிதவை விமானம் இறக்க முன்வந்தது. ஓட்டுவதற்கு அவரைக் கேட்டது. மீனவர்கள் முடியாது என்றார்கள். வலை கிழியும், இறால் ஓடும் என்பவை அவர்கள் வெளியில் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. யுத்த காலத்தில் வானத்தில் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடிய சனங்கள் அவர்கள். அந்த இரைச்சலை இனித் தினமும் கேட்கச் சொல்கிறோம் என்பது ரொசைரோவுக்குத் தெரியும். நிறுவனத்தாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீனவர் சங்கக் கூட்டத்துக்குத் தனியாகப் போனார். செய்தி எழுத நானும் போயிருந்தேன்.

சங்கத் தலைவராக இருந்த சாமித்தம்பி அண்ணன் நேரடியாகவே கேட்டார். "நீங்க அவங்கட பட்டாள உடுப்புப் போட்டுப் பறந்த ஆள். உங்கள நம்பி வாவியத் தாறதெப்பிடி?"

"நம்ப வேணாம். எனக்குப் பக்கத்தில வந்து இரிங்க. எங்க இறங்கிற எண்டு நீங்களே காட்டுங்க."

"இவனா? தோணி ஆடினாலே இடுப்புச் சாறனப் பிடிக்கிறவன்," என்று பின்வரிசையில் யாரோ தலைவரைக் காட்டிச் சொல்ல, கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு ஒரு முடிவும் வந்தது. ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். ஒரு வலை கிழிந்தாலும், அதற்குப் பிறகு வாவியில் விமானம் இல்லை.

இறங்கு பாதையை மீனவர்களே குறித்தார்கள். இரு பக்கமும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். அந்த நாளும் வந்தது. கரையில் பந்தல், மாலை, மேளம், அதிகாரிகள். சக்கரமும் மிதவையும் பூட்டிய அந்த விமானத்தில் விமான நிலைய ஓடுபாதையிலிருந்து ஏறியவர்கள் மூவர். ரொசைரோ, அவருக்குப் பக்கத்தில் புது வெள்ளைச் சேட்டு அணிந்த சாமித்தம்பி அண்ணன், பின்னால் நான்.

ஒரு வட்டம் அடித்து விமானம் தாழ்ந்தது. சிவப்புத் துணிகள் பெரிதாகிக்கொண்டு வந்தன. தண்ணீர் கிட்ட வந்த நேரத்தில் சாமித்தம்பி அண்ணன், "ஐயா, வலை," என்றார். பாதையின் குறுக்கே மிதப்புக் கட்டைகள் வரிசையாகக் கிடந்தன. ரொசைரோ ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இயந்திரம் இரைந்தது, மூக்கு நிமிர்ந்தது, பந்தலின் மேலால் மறுபடி ஏறினோம்.

வானொலியில் நிறுவனத்து முகாமையாளரின் குரல் வந்தது. "சேர், என்ன நடந்தது? எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க."

"வலை கிடக்கு. கிறுகி வாறன்." திரும்புவதை எங்கள் பக்கத்தில் கிறுகுவது என்போம்.

"ஒரு வலைதானே சேர், புதுசு வாங்கிக் குடுப்பம். இறங்குங்க."

"கிறுகி வாறன் மகன்," என்றார் மறுபடியும், தேநீருக்குச் சீனி போதும் என்று சொல்கிற குரலில்.

வலை கிடந்த இடத்தின் மேல் தாழ்வாகச் சுற்றினார். கரையில் நின்றவர்களுக்கு விளங்கியது. இரண்டு பேர் தோணியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார்கள். அவர்கள் வலையை இழுத்து முடிக்கும் வரை நாங்கள் வாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தோம். மேளம் ஓய்ந்துவிட்டது. சாமித்தம்பி அண்ணன் குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம் என்று நினைத்தேன்.

பிறகு இறங்கினோம். மிதவைகள் தண்ணீரைத் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. இரு பக்கமும் நுரை எழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முதல் கூச்சல் பந்தலிலிருந்து வரவில்லை. தோணிகளிலிருந்து வந்தது.

மாலைகள் வாடியிருந்தன. அதிகாரி ஒருவர் கோபத்தோடு, "யார்ர வலை அது?" என்று கேட்டார். "மேல இருந்து பாத்தா எல்லா வலையும் ஒண்டு போலதான் சேர்," என்று சொல்லிவிட்டு ரொசைரோ மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வாவி அவருக்குத் திறந்தது. இரைச்சல் கேட்டதும் மீனவர்களே பாதையைப் பார்த்து வைத்தார்கள். திமிலைதீவில் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "முந்தி இந்தச் சத்தம் கேட்டா புள்ளையளக் குழிக்குள்ள தள்ளுவன். இப்ப அதுகள் கை காட்ட வெளிய ஓடுதுகள்." இதை ரொசைரோவிடம் சொன்னேன். அந்தக் கரையைக் கடக்கும்போது ஒரு பக்கச் சிறகைத் தாழ்த்துவது அதன் பிறகு அவருக்கு வழக்கமாயிற்று. வயதெல்லை வந்து பயணிகளை ஏற்ற முடியாமற்போன பின்பும் சிறிய விமானங்களை அவர் விடவில்லை. சென்ற மாதமும் பறந்தார்.

இந்தக் கட்டுரையை அனுப்புமுன் சாமித்தம்பி அண்ணனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தினார்.

"'யாருடையதென்று தெரியாத வலை' எண்டா எழுதியிரிக்கீங்க?"

"ஓம் அண்ணன்."

"அது எண்ட வலை தம்பி. விடியக்குள்ள எடுக்க இருந்தன். புதுச் சேட்டுப் போட்ட புளுகத்தில, சந்தோசத்தில, மறந்து போயிட்டன்."

"ஐயாவுக்குத் தெரியுமா?"

"எண்ட முகத்தப் பாத்தாரே. பாத்துப் போட்டுத்தானே கிறுகினார். சாகும் வரைக்கும் ஒருக்காலும் அதக் கதைக்கல்ல."

"இத எழுதவா?"

"எழுதுங்க. சனம் சிரிக்கட்டும்."

என் தொழிலிலும் இறங்கு இறங்கு என்று அவசரப்படுத்தும் குரல்கள் உண்டு. ரொசைரோவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த இரண்டு சொற்களையும், அவற்றைச் சொன்ன குரலையும். கட்டுரைக்காகக் காத்திருந்த ஆசிரியருக்குத் தொலைபேசியில், "கிறுகி வாறன்," என்று சொன்னேன். சொல்லிவிட்டு, 'யாருடையதென்று தெரியாத வலை' என்ற வரியை அடித்து, மறுபடி எழுத உட்கார்ந்தேன்.