ஆடித் தள்ளுபடியில் விட்ட மாத்திரை

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் நானும் என் தங்கச்சியும் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்போம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. கடையில் யாருக்கும் தெரியாது. அவளைச் சேர்த்துவிட்டதும் நான், அதை மறைத்ததும் நான். மாத்திரை போட்டால் அவளுக்குத் தூக்கம் தூக்கமாக வரும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் தூங்கி வழிந்தால் வேலை போய்விடும் என்று, "காலை மாத்திரைய நாலு நாளைக்கு வுடுடி" என்று சொன்னதும் நானேதான்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு, விரித்த புடவைகள் மேலேயே விழுந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். பிடுங்கி எறிந்தேன். இரும்பைப் பிடித்தால் நிற்குமென்றால் ஆஸ்பத்திரி எதற்கு, தெருவுக்கு ஒரு இரும்புக்கடை போதுமே! அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை. மேனேஜர் அண்ணாச்சியின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா அவள் நரம்பில் ஊசி போட்டபடியே கேட்டார்: "இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

பக்கத்தில் அண்ணாச்சி. என் வாய் முந்திக்கொண்டது. "இல்ல மேடம், இதான் மொத தபா."

ஊசிக்கு வலிப்பு அடங்கவில்லை. இன்னொரு ஊசி. அதற்கும் அடங்கவில்லை. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறாளா? மறைக்காம சொல்லும்மா."

வேலையாவது மண்ணாவது! வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "சின்ன வயசுலேர்ந்து கீது மேடம்! மாத்திரை சாப்புடுவா. மூணு நாளா நாந்தான் காலைல வுடச் சொன்னேன்!" பையிலிருந்த மாத்திரை அட்டையை நீட்டினேன்.

அதே மருந்தைச் சலைனில் கலந்து ஏற்றினார்கள். அது இறங்க இறங்க, முதலில் கால் உதறல் நின்றது. பிறகு கை. நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"இப்படி மறைச்சிட்டியளேம்மா," என்றார் அண்ணாச்சி.

எழுந்து நின்றேன். "ஆமா, மறைச்சேன். சொல்லியிருந்தா வேல குடுத்திருப்பீங்களா? நான் பண்ணது தப்புதான். அதுக்கு அவகிட்ட மன்னிப்பு கேப்பேன், உங்ககிட்ட மாட்டேன்."

அவர் வெளியே போனார்.

சாயங்காலம் தங்கச்சி கண்ணைத் திறந்தாள். கடிபட்ட நாக்கில் பேச்சு குழறியது. "வேல பூட்ச்சாக்கா?"

"போனா போவுது வுடுடி. நீ கீற எனுக்கு."