நைனாவுக்குக் கொடுத்த கறுப்புத் தூள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவன் நான். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டைப் பள்ளியில் படித்தேன்.

அலையில் தோணி புரண்டு நைனாவுக்கு நெஞ்சில் அடிபட்டது. இருமினால் ரத்தம். கோட்டை வைத்தியர் ஜாடியிலிருந்து ஒரு கறுப்புத் தூள் கொடுத்தார். ஜாடியின் மேலிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்ட பெருமையில், அது என்னவென்று நான் கேட்கவில்லை. தேனில் குழைத்து மூன்று நாள் ஊட்டினேன். ரத்தம் நின்றது.

நன்றி சொல்லப் போனபோதுதான் கேட்டேன். வைத்தியர் ஒரு படத்தைக் காட்டினார். எகிப்து தேசத்தில் மலைபோல் எழுப்பிய கல்லறைகள். உள்ளே, துணி சுற்றிக் கெடாமல் வைத்த ராஜாக்களின் உடல்கள். அவற்றைத் திருடி விற்கிறார்களாம். இடித்துச் சலித்தால் இந்த மருந்து.

வலையில் பிணம் சிக்கினால் அன்றைய மீனையெல்லாம் கடலிலேயே கொட்டிவிட்டு, அந்த உடலைக் கரைசேர்த்துக் குளிப்பாட்டிப் புதைக்கிறவர் நைனா.

வீட்டில் அவர், "இன்னா வேருடா அது? இன்னொரு வேள குடேன்" என்றார்.

"தீந்துபோச்சு நைனா."

மீதித் தூளை, அவர் புதைத்தவர்களின் பக்கத்திலேயே புதைத்து மண்ணைக் குவித்தேன். நடமாடத் தொடங்கியதும் நைனா அதைப் பார்த்துவிட்டார்.

"நான் படுத்துனு இருந்தப்ப கரை ஒதுங்குச்சா? மேடு இத்தினூண்டு கீதே, கொழந்தையாடா?"

"ஆமா நைனா."

அவர் குனிந்து இன்னொரு கை மண் போட்டார்.

இப்போதும் அமாவாசைதோறும் அந்தக் குழந்தைக்கு அவர் பால் ஊற்றுகிறார். செம்பை ஏந்திக்கொண்டு நான் பக்கத்தில் நிற்கிறேன்.