வேகமாக ஓடும் பேரன்

"உங்ககிட்ட மொத்தம் எத்தனை பனிமான் இருக்கு பெரியவரே?"

ஆல்த்தா நகரத்துக் காமிராக் கடைக்காரர் இப்படிக் கேட்டதும், இஸ்ஸாத்தின் மனைவி ரிஸ்டென் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாவம் கடைக்காரர், தெற்கத்தி ஆள். வடகோடியில், மான் மேய்த்துப் பிழைக்கும் எங்கள் கௌத்தோகைனோ பக்கம் ஒருத்தரிடம் மான் கணக்கு கேட்பது, பேங்கில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்பதற்குச் சமம்.

"மரத்துக்கு இந்தப் பக்கமும் நிக்குது, அந்தப் பக்கமும் நிக்குது. நீங்க காமிராவக் காட்டுங்க" என்றார் இஸ்ஸாத்.

காபிக்குள் பாலாடைக்கட்டியைப் போட்டு ஊறவைத்துத் தின்பதைத் தவிர வேறு ஆடம்பரம் அறியாத மனிதர். அவரிடம் இருந்த ஒரே சொத்து கண். ஜூலையில் மந்தையைப் பட்டியில் அடைத்து, கன்றுகளின் கழுத்தில் எண் அட்டை மாட்டி விடுவோம். எந்தக் கன்று எந்தத் தாயின் பின்னால் போகிறது என்று பார்த்து, அந்தத் தாயின் காதில் சொந்தக்காரரின் குறியாக உள்ள வெட்டையே கன்றின் காதிலும் வெட்டுவோம். குறி யாருடையதோ, கன்று அவருடையது. பட்டியில் சண்டை வந்தால், "இஸ்ஸாத்தக் கூப்பிடு, அவர் சொன்னா சரி" என்பார்கள்.

அந்தக் கண்தான் இரண்டு கோடையாக மங்கிக்கொண்டு வந்தது. கையில் இருப்பது பளிச்சென்று தெரியும். தூரத்துக் காதோ, தொலைநோக்கி வைத்துப் பார்த்தாலும் ஏடு படிந்த பால்போலத் தெரியும். மனிதர் வெளியே மூச்சு விடவில்லை, ரிஸ்டெனிடம்கூட. பயம்தான், வேறென்ன? வெட்டின காது ஒட்டாது. அடுத்தவன் கன்றில் தன் குறியை வெட்டிவிட்டால் திருடன் என்ற பெயர் பேரன் காலம்வரை நிற்கும். போட்டோ எடுத்தால் ஓடுகிற மான் படத்தில் நிற்கும், பெரிதாக்கி நிதானமாகப் பார்க்கலாம் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டிருந்தார்.

"எதுக்கு வேணும்?" என்றார் கடைக்காரர்.

"பேரனைப் படம் எடுக்க."

"அதுக்கு இந்தச் சின்னதே போதுமே."

"எம் பேரன் ரொம்ப வேகமா ஓடுவான்."

"ஓ! எவ்வளவு தூரத்துல?"

"அந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம். கூட்டத்தோட கூட்டமா ஓடுவான்."

ரிஸ்டென் திரும்பிப் பார்த்தாள். பேரனுக்கு வயது நாலு மாதம்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். மலிவானது நாலு படம் எடுத்ததும் மூச்சு வாங்கியது. உயர்ந்ததன் விலைக்குப் பழைய பனி வண்டி ஒன்றே வாங்கலாம். நடுவில் இருந்ததை எடுத்து நீள லென்ஸை மாட்டி, கையுறையோடு பொத்தான்களை அமுக்கிப் பார்த்தார் இஸ்ஸாத். கடையின் கண்ணாடிச் சன்னல் வழியாக, எதிர்ச்சாரியில் வேகமாக நடந்துபோன ஒருவரைப் படபடவென்று எடுத்தார். பெரிதாக்கினார். முகத்தை விட்டுவிட்டுக் காதுக்குப் போனார். இன்னும் பெரிதாக்கினார். காது மடலில் இருந்த மச்சம் தெளிவாகத் தெரிந்தது. "அப்பாடா!" என்றார், தன்னை மறந்து.

ரிஸ்டெனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. காதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"இதையே கட்டுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள். வெளியே வந்ததும், "கட்டினவகிட்ட சொல்றதுக்கு என்னய்யா கேடு? கோடை முடியட்டும், கண் டாக்டர்கிட்ட உன்ன இழுத்துட்டுப் போறேனா இல்லையான்னு பாரு" என்றாள். இஸ்ஸாத் காமிராவை மார்போடு அணைத்தபடி நடந்தார்.

ஜூலையில் பட்டி கூடியது. அந்த வருடத்தின் அழகான கன்று ஒன்று, நெற்றியில் வெள்ளையோடு துள்ளியது. எல்லார் கண்ணும் அதன்மேல்தான்.

"உன் கன்னுதான் மச்சான், பிடிச்சு வெட்டு" என்றார் ரிஸ்டெனின் அண்ணன் மிக்கால்.

இஸ்ஸாத்துக்கும் ஆசைதான். ஆனாலும் படம் எடுத்தார், திரும்பி நின்று பெரிதாக்கினார். பால் கொடுக்கும் தாயின் இடது காதில் இரண்டு வெட்டு. மிக்காலின் குறி.

"என்னுது இல்ல மச்சான். உன்னுது."

கூட்டம் ஆரவாரித்தது. "கண்ணுன்னா இஸ்ஸாத் கண்ணுதான்யா!"

பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பெயர் அப்படியே நின்றிருக்கும். இஸ்ஸாத் மிக்காலை வேலியோரம் கூட்டிப்போய்க் காமிராவைக் கையில் கொடுத்தார்.

"என் கண்ணு போச்சு மச்சான். பார்த்தது இதுதான்."

மிக்கால் திரையைப் பார்த்தார். காதைப் பெரிதாக்கினார். வெகுநேரம் காமிராவைத் திருப்பித் தரவில்லை. பிறகு யாரும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கடை எங்க இருக்கு?"

இஸ்ஸாத் அவர் தோளில் கை போட்டார்.

"ஆல்த்தாவுல. எதுக்குன்னு கேட்டா பேரனுக்குன்னு சொல்லு மச்சான். வேகமா ஓடுற பேரன்னு."