மூணு எண்ணி அழுத்து

அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லை இருபத்தாறு வருசமாக டிப்பரில் ஏற்றிக் கொட்டும் உத்திராபதிக்கு, கொஞ்ச நாளாக இடப்பக்கத்து ஆடுகளெல்லாம் வானத்திலிருந்து குதித்தன. அவர் ஆட்டைத்தான் திட்டினார்.

அப்போதுதான் கல்யாண மண்டபத்தில் கண் முகாம் போட்டார்கள். கண்ணில் நீர் அழுத்தம் ஏறினால் ஓரப் பார்வை சத்தமில்லாமல் கழன்றுவிடும். அதைப் பெரிய மிஷின் இல்லாமல் லேப்டாப்பிலேயே கண்டுபிடிக்கலாமா என்று ஆராய்ச்சி. நடுப்புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஓரத்தில் வெளிச்சம் மினுக்கினால் பொத்தானை அழுத்த வேண்டும்.

வரிசையில் நின்ற டிரைவர்களுக்கு அது லைசென்சைப் பிடுங்க வந்த பரீட்சை. எழுத்துப் பலகையை முன்னால் போனவனிடம் கேட்டு மனப்பாடம் பண்ணி லைசென்ஸ் வாங்கிய கூட்டமாச்சே! முடித்து வந்த பிச்சைமுத்து காதைக் கடித்தார்.

"வெளிச்சத்தத் தேடாதீங்க மாமா. மூணு எண்ணி அழுத்துங்க. திரும்ப மூணு. அவ்வளவுதான் சூட்சுமம்."

உத்திராபதி எண்ணினார். இடப்பக்கம் ஒன்றுமே மினுக்கவில்லை. விரல் மட்டும் கணக்குத் தவறவில்லை.

லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்த முகாம் உதவியாளர் கலையரசி உதட்டைக் கடித்தாள். பார்க்காமலே அழுத்துகிறவர்களைப் பிடிக்க, நடுநடுவே வெளிச்சமே காட்டாமல் ஆழம் பார்க்கிற லேப்டாப் அது. அப்போதும் அழுத்தியிருக்கிறார்.

"சார், இவருக்கு இன்னொரு தடவ வச்சுப் பாக்கலாமா?"

"இவரோட பதினாலு. நம்ப முடியாத கேஸுன்னு தள்ளி வைம்மா, முடிவுல சேராது." பெரிய டாக்டர் டீயை ஊதினார்.

"பாஸாம்மா, ஃபெயிலா?" என்றார் உத்திராபதி.

"ரெண்டும் இல்லங்கய்யா."

ஃபெயில் இல்லை என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனார். பிச்சைமுத்துவுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். பதினாலு பேரைக் கழித்த ஆராய்ச்சியும் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்குச் சரியாகச் சொல்கிறது என்று ஜோராகப் பாஸானது.

ஒன்றரை வருசம் கழித்து, கல்லங்குறிச்சி ரோட்டோரம் நின்ற டிராக்டரை டிப்பர் உரசியது. அதன்பிறகுதான் மனைவி செங்கமலத்தை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பெரம்பலூர் கண் டாக்டரிடம் போனார்.

"இடது கண்ணு போச்சு. வலதுல நடு மட்டும் மிச்சம். போனது வராது. முன்னாடியே ஒரு டெஸ்ட் எடுத்திருக்கக் கூடாதா?"

"எடுத்தேன் சார். நல்லாத்தான் அழுத்துனேன்."

டாக்டர் மொபெட் சாவியைக் கேட்டு வாங்கிச் செங்கமலத்திடம் கொடுத்தார். அவளுக்கு ஓட்டத் தெரியாது. இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள், இடப்பக்கம் அவள்.