எலும்பனுக்குப் புது முகம்

அலுவலகத்தில் அவளைக் கலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடியோ கேம் செய்கிற அந்தச் சின்னக் கம்பெனியில் மனிதர்களுக்கும் மரங்களுக்கும் உருவம் கொடுப்பது அவள் வேலை. கணினி முன்னால் உட்கார்ந்தாளானால் மதியம்வரை பேச்சு மூச்சு இருக்காது. தம்பி இறந்துபோன பிறகு அந்த மௌனம் இன்னும் கூடியிருந்தது. மஞ்சள் காமாலை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அம்மா சொல்லிக்கொடுத்த பொய். உண்மையில் அது எச்.ஐ.வி.

எச்.ஐ.வி. விழிப்புணர்வு அமைப்பு ஒன்று இளைஞர்களுக்காக ஒரு விளையாட்டைக் கேட்டு வந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருவன் ஊரோடு பழகி, காதலித்து, தொற்று வராமல் கடைசிக் கட்டத்தை எட்ட வேண்டும். தொற்று உள்ளவனை எப்படிக் காட்டுவது?

"நல்லா ஒடுங்கிப்போயி, கண்ணு குழி விழுந்து வரைஞ்சிடும்மா" என்றார் மேனேஜர்.

பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த தம்பியின் முகம் அது.

சோதனை ஆட்டத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். "மச்சி, எலும்பன் வரான், திரும்புடா!" என்று ஒரே கூச்சல். ஆளாளுக்கு ஜெயித்தார்கள். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். அவளோ திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பன் அங்கே தனியாக நின்றான்.

பிள்ளைகள் போனதும் சொன்னாள்: "இந்த முகம் வேண்டாம் சார்."

"ஏம்மா? பசங்க பட்டையைக் கிளப்புறாங்களே!"

"தப்பால்ல கத்துக்கிறாங்க. ஒல்லியா இருக்கிறவனை ஒதுக்கிட்டா போதும்னு நினைக்கிறாங்க."

நிரல் எழுதும் சோடாபுட்டி சிரித்தான். "பின்ன எப்படிக்கா கண்டுபிடிக்கிறது? நெத்தியில எழுதி ஒட்டணுமா?"

"கண்டுபிடிக்க முடியாது. ரத்தம் சோதிச்சாத்தான் தெரியும்."

"அதெல்லாம் டாக்டருங்க பேச்சும்மா" என்றார் மேனேஜர். "கூடவே இருக்கிறவங்களுக்குப் பார்த்தா தெரியாமலா போயிடும்?"

அவள் திரையில் நின்ற எலும்பனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் காமாலை காமாலையாகவே இருந்துவிடும். எலும்பனும் எலும்பனாகவே நிற்பான்.

"தெரியாது சார். என் தம்பி கடைசி வருஷம்கூட பந்து விளையாடிட்டுத்தான் இருந்தான். ஒரே தட்டுல பிடுங்கித் தின்னிருக்கோம். ஆஸ்பத்திரியில படுத்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. காமாலை இல்ல சார் அது."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

"அவனுக்கு முன்னாடியே தெரியும். மாத்திரை வாங்கத்தான் போகல. ஆஸ்பத்திரி வரிசையில நின்னா யாராச்சும் பாத்துடுவாங்கன்னு பயம். அவன் மனசுலயும் இந்த எலும்பன்தான் இருந்திருப்பான்."

மேனேஜர் தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆறிடப்போகுது, குடிம்மா." அவள் குடித்து முடித்ததும், "மாத்திடு" என்றார்.

புது முகத்துக்கு அவள் யோசிக்கவே இல்லை. முன்பல் ஓரம் உடைந்திருந்தது. ஒரு காலில் சாக்ஸ் எப்போதும் நழுவிக் கிடந்தது. விளையாட்டும் மாறியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் தொற்று வேறொருவருக்கு இருந்ததால், ஆளைப் பார்த்து யாரையும் ஒதுக்க வழியில்லை. ஆணுறை வாங்கக் கூச்சப்பட்டால் புள்ளி குறையும். பரிசோதனைக்குப் போனால் கூடும்.

அடுத்த சோதனையில் பாதிப் பேர் தோற்றுப்போய்ப் புலம்பினார்கள். ஒரு பெண் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. அவளுடைய திரையில் உடைந்த பல்லுக்காரனுக்குத் தொற்று இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்திருந்தது.

"அக்கா, இவன் செத்துடுவானா?"

"மாத்திரைய விடாம போட்டா நல்லா இருப்பான். அமுக்கிப் பாரு."

அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள். அவன் மாத்திரையை விழுங்கிவிட்டு மைதானத்துக்கு ஓடினான். ஒருவன் அவனுக்குப் பந்தைத் தட்டிவிட்டான்.

அன்று சாயங்காலம் கலர் அக்கா மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைத்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். திரைக்கு அருகே குனிந்தாள். பிறகு, தம்பி விளையாடக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று கத்திய அதே குரலில் திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"டேய், சாக்ஸை இழுத்து விடுடா."