பதினான்கு என்று வந்த ரத்தச் சீட்டு

எண்பதுகளின் தொடக்கம். என் கணவருக்கு ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு நாங்கள் குடிவந்த புதிது. அவருக்கு இனிப்பு நீர் இருந்தது. தோட்டத்தில் இருந்தவரை மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரசர்தான் ரத்தம் சோதித்து, "நூத்தித் தொண்ணூறு இருக்கு, சீனியக் குறைங்க" என்பார். அறுபதுக்குக் கீழே இறங்கினால் ஆளையே சாய்த்துவிடும், உடனே சீனி கரைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். என் கணவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நான் மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கில் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு!

ஈப்போ கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கிழமை சோதனைச் சீட்டைக் கையில் கொடுத்து, திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். சீட்டில் பதினான்கு என்று இருந்தது. நூற்றுத் தொண்ணூறு எங்கே, பதினான்கு எங்கே! இனிப்பைக் குறைக்க அவர் சாப்பிட்டுவந்த மாத்திரையை அன்றே நிறுத்தினேன். இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை கெட்டிப்பாலும் சீனியும் போட்ட கோப்பி கொடுத்தேன்.

சனிக்கிழமை சோர்ந்து படுத்துவிட்டார். "தொண்ட வரளுது, தண்ணி குடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் இனிப்பு ஏறவில்லை போலிருக்கிறது என்று பயந்து, கோப்பியில் கூட ஒரு கரண்டி போட்டேன். ஞாயிறு காலை நடக்கவே தள்ளாடினார். மருத்துவமனைக்கு டாக்சி பிடிக்கலாமென்று சாலைமுனைக்கு வந்து, அங்கிருந்த மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம் ஒருவரின் தேநீர்க் கடையில், அவரை உட்கார வைத்தேன்.

"அண்ணே, சீனி நெறயப் போட்டு ஒரு தே குடுங்க. இவருக்கு இனிப்பு பதினாலுக்கு எறங்கிருச்சு" என்றேன்.

கடைக்காரர் எடுத்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "சீட்டக் காட்டுங்க அக்கா. எனக்கும் அதே வியாதிதான்." வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது. "இது மில்லிமோல் லா, வேற அளவு! தோட்டத்துல சொன்னது மில்லிகிராம். இப்ப இப்படித்தான் எழுதுறாங்க. பதினெட்டால பெருக்குனாத்தான் பழைய கணக்கு வரும்."

மனத்துக்குள் பெருக்கினேன். இருநூற்று ஐம்பத்திரண்டு. அதுவும் வெள்ளிக்கிழமைக் கணக்கு. அதற்குப் பிறகு நான் எத்தனை கிளாஸ் ஊற்றிவிட்டேன்! அங்கேயே ஓவென்று அழுதேன். கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டுத் தன் வேனில் எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று டாக்டர் திட்டினார்.

நாலைந்து நாளில் என் கணவர் தெளிந்தார். "அந்தக் கோப்பியக் குடிக்கக் குடிக்கத்தான் ஒங்களுக்கு ஒடம்பு முடியாமப் போச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நீதான படிச்சவ" என்றார்.

இப்போதெல்லாம் எந்தச் சீட்டை வாங்கினாலும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைத்தான் முதலில் படிக்கிறேன். ஆனாலும் நான் நீட்டிய ஒவ்வொரு கிளாஸையும் அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்ததை மட்டும் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.