சுவரோரம் படுத்தவன்

இஃது என் வீட்டில், என் கண்ணெதிரே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

என் மகன் பெயர் சுஹைப். வயது பதினான்கு. கதவு என்பது அவனுக்குக் காலால் உதைத்துத் திறக்க வேண்டிய பொருள். படுத்தால் மெத்தை முழுவதும் அவனுக்கே வேண்டும். பக்கத்தில் படுக்கும் தங்கை ரனீம் காலையில் தரையில்தான் கண்விழிப்பாள். ஹெப்ரானுக்குத் தெற்கே மலைமேல் இருக்கிறது எங்கள் ஊர். கல்லெறிந்தான் என்று சொல்லி, ஒரு விடியற்காலையில் இராணுவத்தினர் வந்து, அவன் கண்ணைக் கட்டிக் கொண்டுபோனார்கள். அதன்பின் ஐந்து மாதங்கள், ஒரு முறைகூட அவனைப் பார்க்க எங்களை விடவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் அவனை விட்டார்கள். எலும்பும் தோலுமாய் வந்தான். விரலிடுக்கு, அக்குள், வயிறு எங்கும் சொறி. உடுத்தி வந்ததை முற்றத்தில் வைத்து எரித்தேன். கந்தகக் களிம்பு தடவினேன். இரண்டு வாரங்களில் தோல் ஆறிவிட்டது.

ஆனால் அவன் மாறியிருந்தான். சாத்திய கதவின் முன் சென்று நிற்பான். யாரேனும் திறக்கும்வரை அப்படியே நிற்பான்.

"யம்மா, மகாராஜா வந்திருக்காரு. கதவைத் திறந்துவிட ஆள் வைக்கணுமாம்!" என்று ரனீம் கேலி செய்தாள்.

அவனும் சிரித்தான். "பூட்டினவன்தான்டி திறக்கணும். உனக்கு என்ன தெரியும், வாயாடி?"

சொறி தொற்றிவிடும் என்று ரனீமை என்னருகே படுக்கவைத்திருந்தேன். மெத்தை முழுவதும் அவனுக்கே இருந்தும், படுக்கும்போது அதன் வெளி விளிம்பில் ஒட்டிக்கொண்டு படுத்தான்.

"ஏன்டா இப்படி ஓரத்துல? விழுந்துடுவ."

"சுவர்ப்பக்கம் குஸைக்கும்மா. அவனுக்குக் குளிர் தாங்காது."

"யாருடா குஸை?"

"என் ரூம்ல இருந்தவன்."

சிறைப் பழக்கம் என்று எண்ணினேன். நாளடைவில் போய்விடும் என்றும் எண்ணினேன். ஆனால் இரவுதோறும் தன் உணவில் பாதியைத் தட்டில் மூடி அறைக்குள் எடுத்துச் சென்றான். காலையில் தட்டு காலியாக இருக்கும். அவனோ மேலும் மெலிந்துகொண்டே வந்தான்.

"வெள்ளிக்கிழமை இமாமை வரச் சொல்றேன். வந்து ஓதினா எதுவா இருந்தாலும் போயிடும்" என்றார் என் கணவர். நானும் சரி என்றேன். எனக்கு என் மகன் முழுதாகத் திரும்பக் கிடைக்க வேண்டும். வேறொன்றும் வேண்டியதில்லை.

புதன்கிழமை இரவு. மணி இரண்டு நாற்பது. ஓர் ஓசை கேட்டு விழித்தேன்.

சரக்... சரக்... சரக்...

வறண்ட தோலை நகத்தால் சொறியும் ஓசை. அதை நான் நன்கறிவேன். பாழாய்ப்போன சொறி திரும்பிவிட்டதே என்று களிம்பை எடுத்துக்கொண்டு சென்றேன்.

அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் அவனால் தூங்க இயலாது; சிறையில் விளக்கை அணைத்ததே இல்லையாம். ஆகையால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நிழலென்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

சுஹைப் மல்லாந்து உறங்கினான். இரு கைகளும் போர்வையின்மேல் இருந்தன. அவை அசையவில்லை.

சரக்... சரக்...

ஓசை சுவர்ப்பக்கமிருந்து வந்தது.

அங்கே போர்வை தட்டையாகக் கிடந்தது. தலையணையில் மட்டும் ஒரு குழி.

ஓரடி முன்வைத்தேன்.

ஓசை நின்றது.

பிறகு... ஒரு சின்ன இருமல்.

சுஹைப் கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டிப் போர்வையைச் சுவர்ப்பக்கம் இழுத்து மூடினான்.

"தூங்குடா..." என்று முணுமுணுத்தான். "எங்கம்மாதான்."

மறுநாள் முற்பகல் ஒரு பெண் வந்தாள். ஒருவன் விடுதலையானால், இன்னும் உள்ளே இருப்பவர்களின் தாய்மார் அவனைத் தேடி வருவது இங்கே வழக்கம். தங்கள் மகன் சாப்பிடுகிறானா, தங்களுக்கு என்ன சொல்லியனுப்பினான் என்று கேட்பார்கள். அப்படிப் பலர் வந்து சென்றிருந்தனர். இவள் கறுப்பு உடுத்தியிருந்தாள். குஸையின் தாய் என்றாள். தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

"என் மகன் கடைசியா எப்படி இருந்தான்? சொல்லு கண்ணு."

சுஹைப் நிமிர்ந்து பார்த்தான். "கடைசியாவா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "போன்ல சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே போயிட்டானாம். உடம்பைத் தரமாட்டாங்களாம். தோண்டின குழி அப்படியே கிடக்கு."

"எப்ப?" என்றேன்.

"ரமலான் முதல் நாள்."

சுஹைப் சிரித்தான். தவறாகப் புரிந்துகொண்டவளுக்கு எடுத்துச் சொல்பவனைப் போல மென்மையாகப் பேசினான்.

"இல்ல சின்னம்மா. அன்னைக்குக் கொண்டுபோனாங்க, சரிதான். ராத்திரியே திரும்பி வந்துட்டானே! என் பக்கத்துலதான் படுத்தான். மத்த பசங்கதான் மோசம். அதுக்கப்புறம் யாரும் அவன்கூடப் பேசல, ரொட்டிகூடக் கொடுக்கல. என் பங்குலதான் சாப்பிட்டான். என்னை விட்டப்போ கூடவே பஸ்ல ஏறிட்டான்."

குஸையின் தாய் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவள் கத்தவில்லை. எழுந்தாள். அறை வாசலில் நின்று அந்த மெத்தையை நெடுநேரம் பார்த்தாள்.

"இவனுக்கு வீடு தெரியாதா? ஏன் இங்க வந்து கிடக்கான்?" என்றாள் யாரிடமோ. பிறகு என் கையைப் பற்றினாள். "ஒரே ஒரு ராத்திரி... உன் பையனை எங்க ஊருக்குக் கூட்டிட்டு வருவியா?"

அவள் சென்றபின் என் கணவர் வெடித்தார். "பைத்தியமா உனக்கு? நாளைக்கு இமாம் வர்றார். அந்த வீட்டுல எதை விட்டுட்டு எதைக் கூட்டிட்டு வருவியோ!"

அந்த அச்சம் எனக்கும் உண்டு. இதைச் சொல்லும் இந்நேரத்திலும் உண்டு. குஸை அங்கே தங்கிவிட, சுஹைபும் அவனருகிலேயே படுத்துவிட்டால்?

இமாமை வரவேண்டாமென்று நானே சொல்லியனுப்பிவிட்டேன். நாளைக் காலை நானும் சுஹைபும் மட்டும் குஸையின் ஊருக்குப் போகிறோம். வண்டியில் மூன்று இருக்கைகள் கேட்டிருக்கிறேன்.